பாட்டு அந்தப் பக்கம், காது இந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. டிவியை விட்டு, மார்க்கெட்டை விட்டு, ஒரு பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறீர்கள். பின்வரிசையில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த தம்பிகளும் தங்கைகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு பின்வரிசைக்கு. முன்வரிசை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசலிலேயே ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். "நாலு பசங்க சேர்ந்து ராக் பேண்டு பார்க்கப் போறதுல முக்கால் மணி நேரம் பேச என்ன தம்பி இருக்கு?" நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் நிற்கிறேன்.

முதலில் எந்த இசையைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். சினிமாவுக்காக இல்லாமல், தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, தாங்களே வாசித்து, பெரிய கம்பெனியின் தயவில்லாமல் மேடையேறும் குழுக்களைச் சொல்கிறேன். இண்டி என்கிறார்கள் இளைஞர்கள். கிதார் இருக்கும், ட்ரம்ஸ் இருக்கும், சில நேரம் வயலினும் கடமும் இருக்கும். கதாநாயகன் இருக்க மாட்டான். அவன் உதட்டசைவுக்கு யாரோ பாடுகிற வேலையும் இருக்காது. பாடுகிறவன் முகத்தில் வேர்வை வழிவதை நீங்கள் பார்க்கலாம்.

அந்த வேர்வையைப் பார்க்க ஓசூர்க்காரன் எங்கே போக வேண்டும்? எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் போக வேண்டும். என் பேச்சு முழுக்க இந்த ஒரு வரியைத்தான் சுற்றி வரப்போகிறது.

யோசித்துப் பாருங்கள். நாம் இந்த ஊரில் என்னதான் செய்யவில்லை? 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்து கிளம்பித் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவுக்கும் போனது. அதே ஆண்டில் அசோக் லேலண்ட் வந்தது, லாரி செய்கிறோம். பின்னாலேயே டைட்டன் வந்தது, கடிகாரம் செய்கிறோம். 2021க்குப் பிறகு போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறோம். செல்போனின் வெளிக்கூட்டைக்கூட நம் பிள்ளைகளின் கைதான் மெருகேற்றி அனுப்புகிறது. தளியிலும் பாகலூரிலும் பூத்த ரோஜா, காதலர் தினத்துக்கு முன்பே விமானம் ஏறிவிடுகிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ் கப்பலில் போகிறது. லாரி செய்கிறோம், கடிகாரம் செய்கிறோம், ரோஜா செய்கிறோம், மாங்கூழ் செய்கிறோம். மேடை ஒன்றைச் செய்தோமா?

இந்த மண்ணுக்குப் பாட்டு வராது என்று யாராவது சொன்னால், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தொரப்பள்ளியைக் காட்டுங்கள். 1878இல் அங்கே பிறந்த ராஜாஜி எழுதி, எம்.எஸ். பாடிய பாட்டு இன்றும் எத்தனையோ வீடுகளில் காலையில் ஒலிக்கிறது. அரசியலில் அவரோடு எனக்கு ஆயிரம் தகராறு உண்டு. பாட்டில் இல்லை.

சரி, பெங்களூருக்கு மட்டும் ராக் எங்கிருந்து வந்தது? தண்ணீரிலா? காற்றிலா? 1809இல் வெள்ளைக்காரன் அங்கே கன்டோன்மென்ட் அமைத்தான். பட்டாளம் வந்தது, பட்டாளத்தோடு பேண்டு வாத்தியம் வந்தது, பியானோ வந்தது, நடனக்கூடம் வந்தது. அந்தப் பட்டாளத்துக்குச் சமைக்கவும், கட்டடம் கட்டவும், அதில் சிப்பாயாகச் சேரவும் போனவர்களில் பெரும்பங்கு யார்? தமிழர்கள். அல்சூரும் சிவாஜிநகரும் மர்பி டவுனும் அப்படித்தான் தமிழ் பேசின. ஆகவே பெங்களூரின் கிதார் சத்தத்துக்கு அடியில் நம் பாட்டன்மார்களின் உழைப்பும் கொஞ்சம் கிடக்கிறது. இதை உரிமை கொண்டாடச் சொல்லவில்லை. விருந்தாளி மாதிரிக் கூச்சப்பட்டு ஓரமாக நிற்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு அரண்மனை மைதானம். 2002 ஏப்ரலில் ரோஜர் வாட்டர்ஸ் வந்தார். அடுத்த ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ். 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன். 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா. அதற்கு இரண்டு நாள் முன்னால் குர்கானில் நடக்க வேண்டியது ரத்தாகி, அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியும் பெங்களூருக்கே வந்து சேர்ந்தது. இவை எல்லாம் பெரிய பெயர்கள், பெரிய டிக்கெட்டுகள். நான் பேச வந்தது இவர்களைப் பற்றி அல்ல. இவர்கள் வந்து போன ஊரில், இவர்களைப் பார்த்த பிள்ளைகளும் பார்க்காத பிள்ளைகளும் சேர்ந்து தொடங்கிய குழுக்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி. 1996இல் தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர். பகலில் கம்ப்யூட்டர் வேலை, இரவில் கல்யாணியும் எலெக்ட்ரிக் கிதாரும் என்று ஆரம்பித்து, 2007இல் சன் டிவியின் ‘ஊ லலல்லா’ போட்டி வழியாக நம் வீட்டுக்குள்ளும் வந்த அகம். கன்னட ஞானக் கவிகளின் பாடல்களை ராக் மேடைக்குக் கொண்டுபோன ரகு தீட்சித். அவருடைய தம்பி வாசு தீட்சித் பாடுகிற சுவராத்மா.

இவர்களைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம்.

நாங்கள் என்றால் யார்? ஒரே அறையில் வாடகை பங்கு போட்ட நாலு பேர். ஒருவன் தருமபுரி ஐடிஐ. ஒருவன் திருவண்ணாமலைப் பக்கம், டிப்ளமோ. மூன்றாமவனுக்குத் தாய்மொழி தெலுங்கு, ஊர் பேரிகை. கோபம் வந்தால் மட்டும் கன்னடம் பேசுவான். நாலாவது நான், மெயின்டெனன்ஸ் பிரிவு. நாலு பேருக்கும் நாலு கம்பெனி, நாலு ஷிஃப்ட். இந்த நாலு பேரும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றாக ஓசூர் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டுமென்றால், அதற்கு எத்தனை பேர் தயவு வேண்டும் தெரியுமா?

டிக்கெட் வாங்குவது சுலபம். ஷிஃப்ட் மாற்றுவதுதான் கச்சேரி. செகண்ட் ஷிஃப்ட்காரன் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வர, அவனுக்குப் பதிலாக இன்னொருவன் போக வேண்டும். போகிறவனுக்கு அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் பார்த்துத் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது? "அக்கா பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு" என்று சொல்லலாம். அந்த அக்கா பொண்ணுக்கு வருஷத்தில் எத்தனை முறை மஞ்சள் நீராட்டு நடந்தது என்று எந்த சூப்பர்வைசரும் எண்ணிப் பார்க்காதது எங்கள் புண்ணியம். ஒருமுறை தருமபுரிக்காரன் மட்டும் உண்மையைச் சொன்னான்: "சார், பாட்டுக் கேட்கப் போறேன்." அவனுக்கு மட்டும்தான் லீவு கிடைக்கவில்லை!

ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. பலகையில் எழுத்து மாறும். சந்தாபுரா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் சில்க் போர்டு நெரிசலில் மாட்டியவனுக்கு அது திருப்பதி தூரம். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திராவுக்கு மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. இன்றைய தம்பிகளுக்கு அந்தப் பாதி வழி லேசு. எங்களுக்குப் பஸ் படிக்கட்டுதான் வாய்த்தது. அந்தப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, எந்தப் பாட்டை முதலில் பாடுவார்கள், எதைக் கடைசிக்கு வைப்பார்கள் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவன் திரும்பும்போது எல்லோருக்கும் டீ.

தனியாகப் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். செல்போனில் கேட்டால் என்ன குறை என்றும் கேட்கலாம். இரண்டும் ஒரே கேள்விதான். அந்தப் பாட்டை நாங்கள் அறையில் நூறு தடவை கேட்டிருக்கிறோம். ஒருவன் குளிக்கும்போது பாடுவான், ஒருவன் துணி துவைக்கும்போது தாளம் போடுவான். ஆனால் மேடையில் அந்தப் பாட்டின் முதல் தட்டு விழும்போது, பாட்டைக் கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைத்தான் திரும்பிப் பார்க்கிறோம். "மச்சான், அதே பாட்டுடா!" அப்படித் திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு முகம் வேண்டும். தெரிந்த முகம் வேண்டும். நேற்று அரிசி வாங்கிய கணக்கில் சண்டை போட்ட முகமாக இருந்தால் இன்னும் நல்லது.

அறிவியலும் கொஞ்சம் சொல்லட்டுமா? ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்றால், ட்ரம்ஸ்காரர் கோலால் அடிப்பதை நீங்கள் முதலில் பார்க்கிறீர்கள். சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்து வருகிறது. அதுவும் காதோடு நிற்காமல் நெஞ்சுக்கூட்டிலும் வந்து முட்டுகிறது. காலால் மிதிக்கிற அந்தப் பெரிய ட்ரம் இருக்கிறதே, அதன் அடி எலும்பில் தெரியும். எந்த இயர்போன் இதைத் தரும்?

பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற தம்பிகள் சிரிக்கிறீர்கள். தினமும் எட்டு மணி நேரம் எலும்பில் அடி வாங்குகிறோமே, காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா என்று. சிரியுங்கள், ஆனால் இதையும் கேளுங்கள். தொழிற்சாலை விதிகளில் ஓர் அட்டவணை உண்டு; பாதுகாப்பு வகுப்பில் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். 90 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 95 என்றால் நாலு மணி. 100 என்றால் இரண்டு. 105 என்றால் ஒரே மணி நேரம். 115 என்றால் கால் மணி. அதற்கு மேல் கூடவே கூடாது. ராக் கச்சேரியில் ஸ்பீக்கர் பக்கத்தில் சத்தம் நூறைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எங்களில் பிரஸ் ஷாப்பில் இருந்த திருவண்ணாமலைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? கம்பெனியில் கொடுத்த ஆரஞ்சு நிற இயர் பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்று, நிதானமாக அதைக் காதில் செருகிக்கொண்டான். சுற்றி நின்ற பெங்களூர்ப் பிள்ளைகள், இவன் பட்டிக்காட்டான், சத்தம் தாங்காதவன் என்று பார்த்தார்கள். இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அப்படித்தான் காதைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. அந்த மைதானத்தில் சத்தத்தோடு எப்படி வாழ்வது என்று அறிந்த ஒரே ஆள் எங்கள் ஆள்தான். இதில் எனக்கு இன்றும் பெருமை.

இப்போது ஒரு பாட்டுக்கு வருகிறேன். இந்தப் பேச்சையே அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

சுவராத்மா 2009இல் முதல் ஆல்பம் வெளியிட்டது. வாசு தீட்சித் சில நேரம் பொய்க்கால் குதிரை கட்டிக்கொண்டு மேடையில் ஆடிவருவார். நம் ஊர்த் திருவிழாவில் பார்த்த அதே குதிரை, ராக் கிதாருக்கு ஆடும். அந்த ஆல்பத்தில் ‘ப்யாஸி’ என்று ஒரு பாட்டு உண்டு. தாகத்தோடு இருப்பவள் என்று பொருள். யார் அந்தத் தாகக்காரி? காவிரி. இரண்டு மாநிலம் இழுத்துக்கொண்டு நிற்கிற ஆறு தன் நிலையைச் சொல்கிற பாட்டு.

கவனியுங்கள். பாடுகிறவர்கள் கர்நாடகத்துக்காரர்கள். பாட்டு இந்தியில். பொருள் காவிரி. கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஓசூரிலிருந்து போன நாலு பேர்!

பாட்டு ஆரம்பித்ததும் நான் கொஞ்சம் ஒதுங்கித்தான் நின்றேன். காவிரி என்ற சொல்லைக் கேட்டாலே எல்லைக்காரனுக்கு அடிவயிற்றில் ஓர் உஷார் வரும். எல்லையில் இல்லாதவர்களுக்கு இது புரியாது. தஞ்சாவூர்க்காரனுக்குக் காவிரி என்றால் வயல். நமக்குக் காவிரி என்றால் ஜூஜூவாடியில் நிற்கிற பஸ். தீர்ப்பு வந்தால் பஸ் நிற்கும். மழை பொய்த்தால் பஸ் நிற்கும். 2016 செப்டம்பர் 12 நினைவிருக்கிறதா? பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. பஸ்கள் மொத்தமாக எரிந்தன. அதற்குப் பிறகு நாட்கணக்கில் ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தார்கள். இந்த அரங்கத்தில் அப்படி நடந்தவர்கள் இருக்கிறீர்கள். கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மேடைக்கு முன்னால் நடந்தது வேறு. என் இடப்பக்கம் நின்ற ஒருவர், மண்டியாக்காரர் என்று பிறகு பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். மண்டியா என்றால் தெரியும் அல்லவா? காவிரிப் போராட்டம் என்றால் அங்கேதான் முதலில் சாலையில் உட்காருவார்கள். அவர் பாடினார். பேரிகைக்காரனும் பாடினான். இருவருக்கும் இந்தி அரைகுறை. பாட்டு முடிந்ததும் அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார், "எல்லிந்த பந்ரி?" எங்கிருந்து வந்தீர்கள் என்று. நாங்கள் ஓசூர் என்றோம். அவர் ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டு, "நம்ம மனே நீரு, நிம்ம மனே நீரு ஒந்தே அல்வா?" என்றார். நம் வீட்டுத் தண்ணீரும் உங்கள் வீட்டுத் தண்ணீரும் ஒன்றுதானே?

உண்மை. பெங்களூர் குடிப்பதும் காவிரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குக் குழாயில் வருவதும் காவிரி. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே ஆற்றைத்தான் சொம்பில் பிடிக்கிறோம். தென்பெண்ணையின் கதை வேறு. அதில் பெங்களூர் நமக்கு அனுப்புவது கெலவரப்பள்ளி அணையில் மலைபோல எழுகிற நுரை. அதைப் பற்றி ஒரு பாட்டு யாராவது போட்டால் நானே டிக்கெட் விற்கிறேன்.

ஒரு பாட்டு காவிரிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. நடுவர் மன்றம் செய்ய வேண்டியதை கிதார் செய்யாது. அந்தப் பாட்டுக்குப் பிறகும் பஸ் எரிந்தது; ஆல்பம் வந்தது 2009, எரிந்தது 2016. ஆனால் அந்த மண்டியாக்காரரும் நாங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேறு எந்த இடம் இருந்தது? அரசியல் கூட்டத்தில் நிற்க முடியுமா? நீதிமன்றத்தில் நிற்க முடியுமா? கிரிக்கெட்டில்கூட அவர் பெங்களூர் அணி, நாங்கள் சென்னை அணி.

பெரியவர்கள் தரப்பில் ஒரு ஆட்சேபம் வரும். "மொழி புரியாத பாட்டுக்கு என்னப்பா இத்தனை ஆட்டம்?" நான் இன்னொரு குழுவைச் சொல்கிறேன். டெல்லியில் 1990இல் தொடங்கிய இந்தியன் ஓஷன். அவர்களுடைய பேர்பெற்ற பாட்டு ‘கந்தீசா’. அது கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அரமேயிக் வழிபாட்டிலிருந்து எடுத்தது. அரமேயிக் யாருக்குப் புரியும்? அதைக் கேட்க நிற்கிற கூட்டத்தில் அநேகமாக ஒருவருக்கும் புரியாது. அத்தனை பேரும் பாடுகிறார்கள். ஓசூர்க்காரனுக்கு இது புதிதா? தமிழில் பேரம் பேசி, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் பஸ் ஏறி, உருதுக்காரக் கடையில் பிரியாணி வாங்குகிற ஊர் நம் ஊர். மொழி கலந்த கூட்டத்தில் நிற்க நமக்கு யார் பயிற்சி தர வேண்டும்?

இன்னொரு ஆட்சேபம். "விடிய விடிய நின்று கத்துவது நம் பண்பாடா?" ஐயா, நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறதே, அது என்ன? பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று பெண்கள் விடியும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் வயல் நீளத்துக்குப் படுக்க வைத்திருப்பார்கள். முகவீணை அலறும், மிருதங்கம் அதிரும். கட்டியங்காரன் கூட்டத்தில் இருப்பவனை வம்புக்கு இழுப்பான். இழுக்கப்பட்டவன் எழுந்து பதில் சொல்வான். திறந்த வெளி, நண்பர்கள், இரவு, வேர்வை, சத்தம். இதில் எது இறக்குமதி? எலெக்ட்ரிக் கிதார் மட்டும்தான் இறக்குமதி. ஹார்மோனியமும் ஒரு காலத்தில் அப்படித்தான் கப்பலில் வந்து இறங்கியது.

கச்சேரி முடிந்து திரும்புகிற கதையையும் சொல்ல வேண்டும். அது கச்சேரியைவிடப் பெரிய கதை. இரவு பதினொன்றுக்கு மடிவாளாவில் நின்றால் சேலம் பஸ், தருமபுரி பஸ், கிருஷ்ணகிரி பஸ் எல்லாம் வரும். எல்லாம் ஓசூர் வழியாகத்தான் போகும். ஏறப்போனால் கண்டக்டர் கேட்பார், "ஓசூரா? எறங்கு, எறங்கு." தொலைதூரப் பயணிக்கு வைத்த இடத்தை நாற்பது கிலோமீட்டருக்குக் கொடுக்க மாட்டார். அவர் பிழைப்பு அவருக்கு. கடைசியில் தக்காளி இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு ராயக்கோட்டை திரும்புகிற வண்டி ஒன்றில் ஏறி, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவோம். பந்தயத்தில் தோற்றவன் அத்திப்பள்ளியில் டீ வாங்குவான். காதில் இன்னும் ரீங்காரம் இருக்கும். காலை ஆறு மணிக்கு ஒருவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.

தோழர்களே, அந்த வண்டியில் உட்கார்ந்துதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. நாம் ஏன் போகிறோம்? அந்தக் குழுக்கள் ஏன் இங்கே வரவில்லை?

வர மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். மேடை ஊர் தேடிப் போனதற்குச் சாட்சி இருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேர் மேடையேறினார்கள். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த கூட்டணி. கானா பாடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், ராக் கிதார் வாசிக்கிறவர்கள், ஒரே மேடையில். வடசென்னைத் தெருவில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுகிற சட்டி மேளம், கிதாருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. இசைவாணியும் அறிவும் அந்த மேடையில் பாடித்தான் பலருக்கு அறிமுகமானார்கள். சாதியைப் பற்றி, இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டிறைச்சியைப் பற்றி நேராகப் பாடினார்கள். சபா வாசலில் நின்று கெஞ்சவில்லை. தங்களுக்கு மேடை இல்லையென்றால் தாங்களே மேடை போடுவது என்று முடிவெடுத்தார்கள். 2020 டிசம்பரில் அதே நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. அது சென்னையோடு நிற்கவில்லை. மதுரைக்குப் போனது, கோவைக்குப் போனது. 2022 டிசம்பரில் எங்கே போனது தெரியுமா? கோலார் தங்கவயலுக்குப் போனது!

தங்கவயல் நமக்கு யார்? நம் பாட்டன்மார்களில் பாதிப் பேர் அங்கே இறங்கினார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், வடாற்காடு என்று இந்த மண்ணிலிருந்து போனவர்கள்தான் பூமிக்குள் மைல் கணக்கில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போனது அந்தச் சுரங்கத்துக்குத்தான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போயிற்று, சயனைடு மண் மேடு மட்டும் மிச்சம். அங்கிருந்து தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள் ஜனங்கள். வேலையே போய்விட்ட அந்தத் தொழிலாளர் ஊருக்கு மேடை போக முடிந்தது. மூன்று ஷிஃப்டும் ஓடுகிற ஓசூருக்கு வர முடியாதா?

முடியும். தடை என்ன என்று பார்ப்போம். இடமா? கல்யாண மண்டபத்துக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால் ராக்குக்கு மண்டபம் சரிவராது. வெறுஞ்சுவரும் டைல்ஸ் தரையும் சத்தத்தை எதிரொலித்துக் கூழாக்கிவிடும். திறந்த மைதானம் வேண்டும். பள்ளி மைதானங்கள் இருக்கின்றன. வானிலையா? ஏறக்குறைய பெங்களூரின் உயரத்தில், அதே குளிர்காற்றில் இருக்கிறோம். சட்டமா? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பெங்களூருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. நடன பார்களைக் கட்டுப்படுத்த 2005இல் வந்த உரிம ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும், போலீஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டல்களில் கிதார் வாசித்தவர்களையும் நிறுத்தச் சொன்னது. அதையும் தாண்டித்தான் அங்கே இசை நடக்கிறது.

நமக்குப் பத்து மணி விதி தடையே இல்லை. ஏனென்றால் நம் ஊர்க் கடிகாரம் ஷிஃப்ட் கடிகாரம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் தொடங்குங்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனவன் இரண்டு மணிக்கு வெளியே வந்து, குளித்து, சாப்பிட்டு வந்துவிடுவான். எட்டரைக்கு முடியுங்கள். நைட் ஷிஃப்ட் போகிறவன் ஒன்பதேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். செகண்ட் ஷிஃப்ட்காரன் பாடு கஷ்டம்தான். அவனுக்காக அடுத்த மாதம் ஒரு நாள் காலையில் வைப்போம். காலை பத்து மணிக்கு ராக் கச்சேரி கேட்ட முதல் ஊர் என்ற பேரும் வரட்டும்.

பணமா? 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. பஸ் நிழற்குடையில் பேர் எழுதுகிற கம்பெனிகள் ஒரு நாள் ஸ்பீக்கரில் எழுதட்டுமே. எழுதாவிட்டாலும் பாதகமில்லை. அக்கா பொண்ணுக்கு வருஷா வருஷம் மஞ்சள் நீராட்டு நடத்திய கூட்டத்துக்கு ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு மேடை கட்டத் தெரியாதா?

ஒரே ஒரு விஷயத்தில்தான் பெரிய சண்டை வரும். முதலில் யாரைக் கூப்பிடுவது? பின்வரிசையில் இப்போதே முணுமுணுப்பு கேட்கிறது. அகம் என்கிறார் ஒருவர், காஸ்ட்லெஸ் என்கிறார் அந்தத் தங்கை. என் ஓட்டு சுவராத்மாவுக்கு. மண்டியாக்காரருக்கு ஒரு டிக்கெட் நான் எடுத்து அனுப்புகிறேன், அவர் அத்திப்பள்ளி தாண்டி வரட்டும். என்னை எதிர்த்துப் பேசுகிறவர்கள் மைக்குக்கு வரலாம். அடையாள அட்டையைக் கழற்ற வேண்டியதில்லை, அப்படியே வாருங்கள்.